கூண்டும் கூரையும்



இந்த மலரில் காதல் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. முத்தியால்பேட்டையில் ஒரு கிரில் பட்டறைக்காரர் வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டி டிப்ளமோ வரை வந்தவன் நான். எனக்குத் தெரிந்தது கம்பியும் பற்றவைப்பும்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறைப் பொருட்காட்சியில் நானும் மூன்று நண்பர்களும் ஒரு ரிமோட் லாரி வைத்திருந்தோம். பார்த்தவர்களில் பாதிப்பேர் "பொம்மையா?" என்று சிரித்துவிட்டு, பக்கத்து மேஜைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து மேஜையில் இருந்தது கடையில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட். விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது, பெயின்ட் பளபளத்தது. கேள்வி கேட்டால் மட்டும் பதில் வரவில்லை! எங்கள் லாரியில் விளக்கு கிடையாது. மேலே ஒரு கம்பிக் கூண்டு மட்டும் இருந்தது. அதைத்தான் ரோல் கேஜ் என்கிறார்கள். வண்டி குட்டிக்கரணம் அடித்தாலும் உள்ளே இருப்பது நசுங்காமல் காப்பது.

லாரி, சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழசு. சோலை நகர் கடற்கரை மணலில் ஓட்டியபோது கவிழ்ந்து கவிழ்ந்து பிளாஸ்டிக் மூடி தூளாகிவிட்டது. கூண்டுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி எடுத்தோம். 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர். (கூண்டுக்கும் கேஜ், கம்பி அளவுக்கும் கேஜ். வெள்ளைக்காரன் ஏன் இப்படிப் பெயர் வைத்தானோ!) பலகையில் ஆணி அடித்து, ஆணிகளுக்கு நடுவே கம்பியை வளைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும். மூட்டுகளைப் பித்தளைக் குச்சியும் வெண்காரமும் வைத்துக் கேஸில் பற்றவைத்தோம். ஒன்றைக் கவனியுங்கள்: போக்ஸ் கம்பியில் துத்தநாகப் பூச்சு இருந்தால் எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் நெருப்பில் காட்ட வேண்டும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம் வரும். எங்கப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, உடம்பால் படித்தவர்.

முதலில் வெறும் சதுரங்களாகக் கட்டி, பற்றவைக்கும் முன் கையால் அழுத்திப் பார்த்தோம். சாய்சதுரமாகப் படுத்துவிட்டது. மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கம்பி வைத்ததும் அசையவில்லை. நான்கு பக்க உருவம் மூட்டுகளில் மடங்கும். முக்கோணம் மடங்க வேண்டுமானால் ஒரு கம்பி நீள வேண்டும், அல்லது குறுக வேண்டும், அல்லது வளைய வேண்டும். வகுப்பில் 'டிரஸ்' என்று கரும்பலகையில் வரைந்ததை நாங்கள் விரலால் உணர்ந்தது அன்றைக்குத்தான். மேலே கம்பியைக் கூட்டக் கூட்டப் பாரம் உச்சிக்கு ஏறி, வண்டி முன்னைவிடச் சுலபமாகக் கவிழ்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கூண்டு கவிழ்வதைத் தடுப்பதில்லை, கவிழ்ந்த பின்னால்தான் அதற்கு வேலை.

கடைசியில் எங்கள் லாரி மாடிப்படியிலிருந்து உருண்டும் பிழைத்தது. கைதட்டினார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது, நண்பர்களே!

எங்கள் லாரி, நிஜ லாரியின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் எடை ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆகவே தன் எடையைத் தாங்குவதில், கூண்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் வரும் பாரம் பத்தில் ஒரு பங்குதான். பொம்மைக்கு இயற்கையே பத்து மடங்கு சலுகை கொடுத்துவிடுகிறது. கலிலியோ 1638-லேயே இதை எழுதிவிட்டார். எனவே பொம்மை பிழைத்தது என்பதால் அதே மாதிரி செய்த பெரியதும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்கப்பா பட்டறைக்கு ட்ராக்டரோடு வந்தார். மேலே கூரை போட வேண்டுமாம். "மேஸ்திரி, நல்லா கெட்டியா போடு. வெயிலுக்கும் ஆச்சு, கவுந்தா தலைக்கும் ஆச்சு" என்றார். வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் ஓட்டுகிறவர். கவிழ்வது என்பது அவருக்குக் கதையல்ல.

நான்கு மெல்லிய குழாய், அடியில் மட்கார்டு தகட்டோடு போல்ட், மேலே ஒரு தகரம். குறுக்குக் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் முதலில் கையால் படுக்க வைத்த அதே சதுரம்! அது வெயிலுக்கு ஆகும். தலைக்கு ஆகாது.

நிஜமான காப்புக் கூண்டு வேறு ஜாதி. அது மட்கார்டில் நிற்காது, பின் அச்சின் உறையோடு சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். அதைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தள்ளிப் பார்த்து, மேலிருந்து ட்ராக்டர் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தி, அப்போதும் ஓட்டுநர் உட்காரும் இடம் மிஞ்சுகிறதா என்று அளப்பார்கள். இரண்டு டன் ட்ராக்டர் என்றால் நான்கு டன் அழுத்தம். அதோடு சீட் பெல்ட்டும் வேண்டும். பெல்ட் இல்லையென்றால் ஆள் வெளியே விழுந்து, தன்னைக் காக்க வந்த கூண்டுக்கடியிலேயே மாட்டிக்கொள்வார். சுவீடன் நாட்டில் 1959-லேயே புது ட்ராக்டர்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நம்ம ஊர் வயல்களில் எனக்குத் தெரிந்து கூரைதான் கண்ணில் படுகிறது.

ஓட்டப்பந்தயக்காரர்கள் இதில் நம்மைவிடப் புத்திசாலிகள். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர். உள்ளூர்ப் பட்டறையிலேயே பந்தயக் கார் செய்யலாம் என்று காட்டினார். ஆனால் அந்தப் பட்டறை வேலை 'பார்த்தா கெட்டியா இருக்கு' என்று முடிகிற வேலை அல்ல. இந்தியாவில் 2007-இல் தொடங்கிய பாஜா போட்டியில் மாணவர்களே கார் கட்டிக் கொண்டுவருகிறார்கள். அதன் விதிப்புத்தகம் கூண்டுக் குழாய்க்கு வைத்திருக்கும் அடிப்படை அளவு 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் கனம். அதே எடைக்கு உருட்டுக் கம்பி எடுத்தால் விட்டம் 16 மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், குழாயின் விறைப்பு ஏறக்குறைய 3.7 மடங்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' ஒரு மனுஷனுடைய கழுத்தெலும்பு சமாச்சாரம் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால், நான் இன்னும் பத்து மார்க் கூட வாங்கியிருப்பேன்!

"வெயிலுக்குன்னு சொல்லிப் போடுப்பா, தலைக்கு ஆகும்னு சொல்லாதே" என்றேன் அப்பாவிடம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் சொல்றதாலயாடா அவன் நம்பறான்? இரும்பைப் பார்த்து நம்பறான். நான் போடலன்னா அடுத்த பட்டறையில போட்டுக்குவான். நீ படிச்சவன், நீ சொல்லு, எந்தக் குழாய் போட்டா தாங்கும்?"

என்னால் சொல்ல முடியாது. யாராலும் பட்டறை வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. ட்ராக்டரின் எடை, அச்சு உறையின் வலு, போல்ட்டின் தரம், பற்றவைப்பின் தரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கனமான குழாயாகப் போட்டு, பிடிமானம் பிய்ந்தால் என்ன பயன்? அச்சு உறையில் கண்டபடி ஓட்டை போட்டால் அதுவே விரிசல் விடும். அதனால்தான் ட்ராக்டர் கூண்டை வீட்டில் செய்யாதீர்கள், சோதித்துச் சான்று பெற்றதை வாங்குங்கள் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். போக்ஸ் கம்பியில் லாரிக் கூண்டு செய்த நானே சொல்கிறேன்: பொம்மைக்குச் செய்யுங்கள், ஆளுக்குச் செய்யாதீர்கள்.

ஆனால் கூரை தாங்காது என்பதை நாம் நிரூபிக்கலாம். அதற்கு மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் ட்ராக்டர் சோதனை நிலையம் வரை போக வேண்டியதில்லை. வழக்கமாகப் போடும் கூரைச் சட்டம் ஒன்றை நம் ஒர்க் ஷாப்பில் தரையோடு இறுக்கி, பக்கத்திலிருந்து ஹைட்ராலிக் ஜாக்கியால் தள்ளி, எத்தனை கிலோவில் படுக்கிறது என்று எழுதினால் போதும். எங்கப்பா சட்டத்தைக் கூலி வாங்காமல் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். வளைந்த சட்டத்தையும், அது எந்த எடையில் வளைந்தது என்ற பலகையையும் பாகூரில் சந்தை நாளில் கொண்டுபோய் வைப்போம். இரும்பைப் பார்த்து நம்புகிறவர், வளைந்த இரும்பையும் பார்க்கட்டும்.

இதை இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஏற்கும்படி துறைத் தலைவருக்கு மனு எழுதியிருக்கிறோம். "இதில் மாடல் எங்கே, ஓடுவது எங்கே?" என்று ஒரு ஆசிரியர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஓடுவது எதுவும் இல்லை, படுப்பதுதான் உண்டு. மனு மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என் மேஜையில் இருக்கிறது. இதுவரை பதினொரு கையெழுத்து. சிவில் நண்பர்களும் வந்து போடலாம்.