முயலா, பந்தா?

உலகத்தின் எந்த மூலையில் கோல்ஃப் ஆடுகிறவரைக் கேட்டாலும், “ஒரு தடவையாவது அங்கே ஆடிவிட வேண்டும்” என்று ஓர் இடத்தைச் சொல்வார். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரம், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ‘ஓல்டு கோர்ஸ்’. ஆனால், ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே ஆட முடியாது. பெரிய போட்டி நடக்கும் சமயம் தவிர மற்ற ஞாயிறுகளில் புல்தரைக்கு ஓய்வு. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு அதன்மேல் காலாற நடக்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை. எப்படித் தடுப்பது? நிலம் அவர்களுடையது!

கோல்ஃப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது உயரமான கேட், சல்யூட் அடிக்கும் வாட்ச்மேன், லட்சக்கணக்கில் மெம்பர்ஷிப். இந்த மைதானமோ நம்மூர் மந்தைவெளி மாதிரி ஊர்ப்பொது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே, உழவுக்கு உதவாமல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல்நிலத்தைத்தான் அங்கே ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். ஆடு மேய்ப்பார்கள், ஓடையில் துணி துவைத்துக் காயப்போடுவார்கள், பொழுது போகாதவர்கள் பந்தை அடிப்பார்கள். இந்தப் பந்து மோகத்தில் ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை மறக்கிறார்களே என்று 1457-ல் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கோல்ஃபுக்குத் தடையே போட்டது. கேட்டால்தானே! 1552-ல் ஆர்ச்பிஷப் ஹாமில்டன், அந்த நிலத்தில் விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று சாசனமே எழுதிக் கொடுத்தார்.

அதற்கு வந்த பெரிய ஆபத்து, முயல். 1797-ல் கடனில் முழுகிய நகரசபை நிலத்தைக் கைமாற்றிவிட, அது முயல் வளர்க்கும் வியாபாரிகளிடம் போனது. இறைச்சிக்கும் தோலுக்கும் நல்ல விலை. முயல்கள் வளை தோண்டித் தள்ள, பந்து எங்கே விழுந்தாலும் பொந்துதான். வழக்கும் கைகலப்புமாக இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலச்சுவான்தார் நிலத்தை வாங்கினார். அவரும் கோல்ஃப் பைத்தியம் என்பது ஊரின் அதிர்ஷ்டம்! பிறகு 1894-ல் தனிச் சட்டம் மூலமாக நிலம் மறுபடி ஊர் வசம் வந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. பக்கத்திலேயே கம்பீரமாக நிற்கும் ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ கிளப்புக்குத்தான் மைதானம் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிளப்பும் ஒதுக்கிய நேரத்தில்தான் ஆட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குக் குலுக்கல் உண்டு. கட்டணம் என்னவோ கொஞ்சம் மயக்கம் வரவழைக்கும் ரகம்தான்.

ஆட்டம் சுலபமா என்றால், பார்க்க அப்படித்தான் தெரியும். தண்ணீர்த் தடை என்றால் ஒரு சின்ன ஓடை. மரமும் பெரிதாகக் கிடையாது. ஆனால், 112 மணற்குழிகள் இருக்கின்றன; பல குழிகள் அடிக்கிற இடத்திலிருந்து கண்ணிலேயே படாது. பதினான்காவது ஹோலில் இருக்கும் குழிக்குப் பெயரே ‘நரகம்’. 1921-ல் பாபி ஜோன்ஸ் இங்கே ஒரு குழியில் சிக்கி, வெறுத்துப்போய் ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டார். அவரே 1927-ல் இதே இடத்தில் ஓபன் பட்டம் வென்றார். 1958-ல் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமையே கொடுத்தது. 2000-ல் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் ஒரு குழியில்கூட விழாமல் ஆடி ஜெயித்தார். இதெல்லாம் போதாதென்று காற்று வேறு. 2015 ஓபனில், அடித்த காற்றில் பந்துகள் தானாக உருள, ஆட்டத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

பெண்களுக்கு? அந்த கிளப் பெண்களை உறுப்பினராக்க ஒப்புக்கொண்டது 2014-ல்தான். ‘ஊர்ப்பொது’ என்று இத்தனை நேரம் சொன்னதில் இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால், ஊர்ப் பெண்கள் அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது பெண்ணுக்கு அழகல்ல என்று நினைத்த காலத்தில், 1867-லேயே பக்கத்தில் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். மட்டையை ஓங்காமல், பந்தைத் தட்டி உருட்டி மட்டுமே ஆடும் மேடுபள்ளமான புல்தரை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹிமாலயாஸ்’! சில்லறைக் காசு கொடுத்து இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

முயலை ஜெயித்த ஊருக்கு இப்போது எதிரே நிற்பது கடல். மைதானத்துக்கும் அலைக்கும் நடுவே இருப்பது வெறும் மணல்மேடுகள். புயல் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போகிறது. வடக்கே மான்ட்ரோஸில், இன்னொரு பழைய மைதானத்தில், கடல் உள்ளே வர வர ஆடுமிடங்களைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் கரைந்த இடத்தில் மணலைக் கொட்டி, அதைப் பிடித்துவைக்கும் நீளமான கடற்கரைப் புல்லை நடுகிறார்கள். நடுபவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். புல் வேர்பிடித்து மேடு உயர வருஷங்கள் ஆகும்.