அனுமதிச் சீட்டோடு மண்ணின் குணமும் வேண்டும்

குளம், கண்மாய்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், மண் சூளைக்கு வந்து சேர்ந்தால் மட்டும் கூரை ஓடு உறுதியாகிவிடாது.

1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபோது, களிமண் கப்பலில் வரவில்லை. நேத்ராவதி ஆற்றோரத்து மண்தான். அச்சில் அழுத்தும் முறையும் சீரான சூளையும்தான் புதியவை. அந்தச் சீமை ஓடுதான் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் வரைக்கும் வந்து, நாட்டு ஓட்டை ஓரங்கட்டியது. நம் மண் சோடை என்ற எண்ணம் அப்போதிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தவறு.

ஓட்டின் வலிமை பெரும்பாலும் நெருப்புக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. களி மிகுந்த மண் காயும்போது அதிகம் சுருங்கி விரிசல் விடும். மணலோ, உடைந்த ஓட்டை இடித்த தூளோ கலந்தால் சுருக்கம் குறையும். மணல் மிஞ்சினால் ஓடு உதிரும். மண்ணில் கலந்திருக்கும் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) இன்னும் மோசம். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, கூரையேறிய ஓட்டைக்கூடப் பிளந்துவிடும். மண்ணைக் கரைத்துச் சலித்து ஊறப்போட்டு, நிழலில் மெல்லக் காயவிட்ட பழைய வழக்கத்தில் வெறும் சடங்கு எதுவும் இல்லை.

நெருப்பிலும் அவசரம் ஆகாது. சுமார் 573 டிகிரி செல்சியஸில் மணலின் குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே வெப்பத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தை விரைந்து கடந்தால் மயிரிழை விரிசல்தான். 900 டிகிரியைத் தாண்டிய பிறகே துகள்கள் நன்றாக உருகிப் பிணைகின்றன.

கைப்பதத்திலேயே இதையெல்லாம் உணரும் வேளார்கள், அதாவது மண்பாண்டக் கலைஞர்கள், இருக்கிறார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தக் கைகளால்தான். ஆனால், கட்டட ஒப்பந்ததாரர் கேட்பது எண். அந்த எண்ணைத் தருவது அரசின் கடமை என்பேன். இதற்குப் பெரிய செலவும் இல்லை. பச்சைத் துண்டில் 10 செ.மீ. கோடு கிழித்து, சுட்ட பின் அளந்தால் சுருக்கம் தெரியும். சுட்ட துண்டை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடை பார்த்தால், எவ்வளவு நீர் குடிக்கிறது என்பது தெரியும். இந்த அளவுகளை அனுமதிச் சீட்டோடு சேர்த்தே கொடுக்கலாம். ஒரே கண்மாயிலும் மேல் வண்டலும் அடிக் களியும் ஒன்றல்ல. மாதிரியை ஆழம் வாரியாக எடுக்க வேண்டும்.