ஆறாம் வகுப்பில் கண் பரிசோதனை: பிந்தி வரும் அக்கறை

தமிழகத்தில் 2009-ல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டம், 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களைப் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுத்தது. கரும்பலகை தெரியாமல் திணறிய கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்கு அது பேருதவி. ஆனால், ஒரு குறைபாட்டுக்கு ஆறாம் வகுப்பு மிகவும் தாமதம்.

சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் ஆம்பிளியோபியாதான் அது. ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை தெளிவான கண்ணையே நம்பிப் பழகி, மற்றதை ஒதுக்கிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதன் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். பார்வை நரம்பமைப்பு இளம் பருவத்திலேயே உருப்பெற்றுவிடுவதைப் பூனைக்குட்டிகளிடம் ஆராய்ந்து காட்டிய ஹூபெலும் வீசலும் 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் குறை உள்ள குழந்தை புகார் சொல்லாது. ஒரு கண் நன்றாகத் தெரிவதால் ஓடும், படம் வரையும், செல்போனில் வீடியோ பார்க்கும். மற்ற கண் மங்கல் என்பதே அதற்குத் தெரியாது. வீட்டாருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் வழக்கம் வேறு. பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்று மூன்று வயதிலேயே கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சுவீடனில் நான்கு வயதுக் குழந்தைகளைக் குழந்தைநல மையங்களிலேயே பரிசோதிக்கிறார்கள். சோம்பேறிக் கண்ணால் வரும் கடும் பார்வைக் குறைவு அங்கே சுமார் 2 விழுக்காட்டிலிருந்து 0.2 ஆகக் குறைந்தது.

நம்மிடமும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். ஆனால், ஒரே வருகையில் 30 வகைக் குறைகளைத் தேட வேண்டிய குழுவுக்கு, அடம்பிடிக்கும் மூன்று வயதுக் குழந்தையின் ஒரு கண்ணை மூடி மறுகண்ணைச் சோதிக்க நேரம் ஏது? இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குறை பிடிபடாது.

இந்தச் சோதனையை அங்கன்வாடிப் பணியாளருக்கே பயிற்சி தந்து ஒப்படைக்கலாம். ஆப்பிள், வீடு போன்ற படங்கள் கொண்ட அட்டை போதும். எழுத்து தெரிய வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பட்டும். முடிவைத் தடுப்பூசி அட்டையில் எழுதித் தர வேண்டும். தமிழகத் தாய்மார்கள் பத்திரமாக வைத்திருக்கும் காகிதம் அது. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவர்களே கேட்பார்கள்.