எடுத்தவர் எங்கே?

ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டு. இருபது பேர், இருபது மாதம், மாதம் 25,000. ஐந்தாவது மாத ஏலத்தில் ஒருவர் முப்பது சதவீதம் தள்ளி எடுக்கிறார். கைக்கு வருவது மூன்றரை லட்சம். செக் வாங்குவதற்கு முன் கம்பெனியில் ஜாமீன் கேட்கிறார்கள். "கவர்ன்மென்ட் ஆளா மூணு பேர் இருந்தா போதும் சார்." உடனே நினைவுக்கு வருகிறவர்கள் கூடப் படித்த ஆசிரியர், தாலுகா ஆபீஸ் கிளார்க், மின்வாரியத்தில் இருக்கும் மாப்பிள்ளை முறைக்காரர். "ஒரு கையெழுத்துதானடா, ஃபார்மாலிட்டி" என்கிறார் நண்பர். சம்பளச் சான்று, அடையாள அட்டை நகல், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து. பிறகு ஆளுக்கொரு காபி. விஷயம் அத்தோடு மறந்துபோகிறது.

எட்டாவது மாதம் எடுத்தவர் பணம் கட்டவில்லை. ஒன்பதாவது மாதம் போனையும் எடுக்கவில்லை. ஆசிரியர் வீட்டுக்குப் பதிவுத் தபால் வருகிறது. பிறகு பதிவாளர் முன் வழக்கு, தீர்ப்பு, சம்பளத்தில் பிடித்தம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. எஞ்சிய பங்கைப் பிடிக்கலாம். கணக்கில் வரும் சம்பளம் 46,000 என்றால் மாதம் 15,000 போகும். ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது என்பது ஆறுதல். ஆனால் 24 மாதம் என்பதே 3,60,000 ரூபாய். எடுத்தவர் கையில் வாங்கியதைவிடப் பத்தாயிரம் கூடுதலாக, அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் கண்ணால் பார்க்காத ஒருவர் கட்டி முடிக்கிறார்.

சட்டத்தைத் திட்டிப் பயனில்லை. கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் பிணையாளிக்கும் உண்டு என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் கடனாளியைத் துரத்திவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று பிணையாளி கேட்க முடியாது என்பதை பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இலேயே தெளிவாக்கிவிட்டது. அதில் நியாயமும் இருக்கிறது. அப்படிக் கேட்க முடிந்தால் ஜாமீன் என்ற ஏற்பாட்டுக்கே பொருள் கிடையாது. கம்பெனி பிடித்தது சரியான ஆளைத்தான். நம் கேள்வி கம்பெனிக்கும் ஆசிரியருக்கும் இடையில் இல்லை, ஆசிரியருக்கும் அவர் நண்பருக்கும் இடையில் இருக்கிறது.

தொழில் நொடிக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு வீட்டையே விழுங்கலாம். கட்ட முடியாமல் போனதற்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் தயாரில்லை. எட்டாம் மாதத் தவணை தேதிக்கு முன்னால், "இந்த மாசம் என்னால ஆகாது" என்று ஜாமீன் போட்டவரிடம் அவர் சொல்லவில்லையே, அதுதான் குற்றம். ஏன் என்றால், எடுத்த சீட்டில் தவணை தவறினால் மிச்சமுள்ள தவணைகள் அனைத்தையும் ஒரே மொத்தமாகக் கேட்க 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்டு சட்டம் இடம் தருகிறது. அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. விசாரணை நாளுக்குள் நிலுவை, வட்டி, வழக்குச் செலவு மூன்றையும் கட்டிவிட்டால், மீதியை மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம். விஷயம் தெரிந்திருந்தால் ஆசிரியர் இரண்டு தவணையைப் புரட்டிக் கட்டி, மொத்தத் தொகை தலையில் விழாமல் தடுத்திருப்பார். நண்பரின் வெட்கம் அந்த வாசலை அடைத்தது. வெட்கப்பட்டவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் இன்னொருவர்.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் கேவலம். தொழில் மெல்லத் தலைதூக்குகிறது. கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார் என்பதால் அவருக்கு முதலில் போகிறது. வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்பதால் ஃபைனான்ஸ் தவணை அடுத்தது. மளிகைக் கடை பாக்கியும் தீர்கிறது, நாளைக்கும் அரிசி வேண்டுமே. ஆசிரியருக்கு மட்டும் முறை வருவதில்லை. அவர் சத்தம் போடமாட்டார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூட, நண்பர் சங்கடப்படுவாரே என்று அவர்தான் எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறார். கண்ணியமாக நடந்துகொண்டதற்குக் கிடைத்த பரிசு, வரிசையின் கடைசி இடம். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நம் தீர்ப்பு. லாபத்துக்காகப் பணம் கொடுத்தவர்கள் காத்திருக்கட்டும், பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு முதல் ரூபாய் போகவேண்டும். முழுசாகச் சேரட்டும் என்று காத்திராமல், ஆயிரமானாலும் மாதாமாதம் போகவேண்டும்.

மற்ற இரு ஜாமீன்தாரர்கள்? கிளார்க்கும் மின்வாரியக்காரரும் "நல்லவேளை, நம்ம ஆபீசுக்கு ஆர்டர் வரல" என்று இருக்கிறார்கள். கூட்டாகப் பிணை நின்றவர்கள் தங்களுக்குள் சமமாகச் சுமக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை. மாதம் ஐந்தாயிரம் வீதம் அவர்களும் ஆசிரியர் கையில் கொடுத்திருக்க வேண்டும். காபி குடித்தபோது மூன்று பேரும் ஒன்றாகத்தானே இருந்தார்கள்?

ஆசிரியரையும் விட்டுவிட முடியாது. வீட்டில் சொல்லாமல் போட்ட கையெழுத்து அது. ஒரு நாள் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் பதினைந்தாயிரம் குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் மனைவிக்குத் தெரிந்தது. நட்பு அவருடையது, கல்லூரிக் கட்டணத்துக்கு அடகுக் கடைக்குப் போனது அவள் வளையல். தன் பங்கை மட்டும் எடுத்து உதவியிருந்தால் அது பெருந்தன்மை. வீட்டில் எல்லோருக்குமான பணத்தை ஒருவர் மட்டும் முடிவுசெய்து பணயம் வைப்பதற்கு அந்தப் பெயரைத் தர முடியாது.

தான் கட்டியதைக் கடனாளியிடம் கேட்டு வாங்க ஆசிரியருக்கு உரிமை இருக்கிறது, 145ஆவது பிரிவு. கட்டியதிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "கொஞ்சம் பொறுடா" என்பதிலேயே அந்த மூன்று வருடமும் ஓடிவிடுவது வழக்கம். பிடித்தம் காட்டும் சம்பளப் பட்டியல்களைச் சேர்த்துவைத்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்பட்டும். காசுக்காகச் சிநேகிதனைக் கோர்ட்டுக்கு இழுத்தான் என்று அதற்கும் ஊர் பேசும். அதே ஊர், எடுத்தவர் மாடி கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது மொய்க் கவரோடு போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தது. பந்தியில் ஒருவர்கூட ஆசிரியர் பணத்தைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.