பத்துத் தாளும் இருபத்தைந்து தாளும்

நாணயத்தாளின் முகப்பெறுமதியை விடுத்து, அதன் மூலையில் அச்சான தொடரிலக்கத்தை நோக்கியே விலை பேசுவோர் ஒரு சாரார் உளர். இந்திய ரூபாத் தாளாயின் அது 786 என முடிகின்றதா என்று தேடுவர். 111111 என ஒரே இலக்கம் ஆறு முறை நின்றாலோ, 123456 என ஏறிச் சென்றாலோ, நூறு ரூபாவுக்குப் பன்மடங்கு கேட்பர். இதனைப் பொழுதுபோக்கு என்பார் சிலர்; அவரோடு நமக்கு வழக்கில்லை. 786ஐ ‘பிஸ்மில்லா’வின் எண்ணாகக் கொண்டு பக்தியோடு பேணுவாரோடும் வழக்கில்லை. ‘ஆய்வு’ என்று மார்தட்டுவோரின் அந்தச் சொல்லையே நாம் உரைத்துப் பார்க்க விரும்புகின்றோம்.

111111 அருமையானதாம். ஒரே முன்னொட்டின் கீழ் அது ஒருமுறைதான் வரும், மெய். ஆனால் 374915உம் ஒருமுறைதான் வரும்! அருமை தாளில் இல்லை, பார்ப்பவரின் கண்ணிலேதான் இருக்கின்றது. அச்சில் பழுதான தாளுக்கு ஈடாக, உடுக்குறியிட்ட தாளைக் கட்டில் வைக்கும் வழக்கத்தை இந்திய ரிசர்வ் வங்கி 2006ஆம் ஆண்டு தொடங்கியது. இத்தகைய மாற்றங்களைக் கவனித்துக் குறித்து வைப்பவர் அச்சுத்தொழிலின் வரலாற்றுக்கு ஏதோ உதவுகின்றார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சந்தையில் பெருவிலை பெறுவது கைபடாத தாளே. ஒரு மடிப்பு விழுந்தால் விலை சரிந்துவிடும். மீன் விற்பவளின் மடியில் நனைந்து, கூலிக்காரனின் வியர்வையில் ஊறி, அடகுகடைக்கும் அரிசிக்கடைக்கும் அலைந்த தாளிலன்றோ மனிதரின் வரலாறு உண்டு? அதனை இந்த ஆய்வாளர் ஏறெடுத்தும் பாரார். உழைப்பின் சுவடே படாத பணந்தான் அவருக்கு வரலாறு!

இதனை ரசனை பற்றிய சில்லறைப் பூசலென விட்டுவிடலாந்தான். ஆனால் சட்டமே இதிற் புகுந்திருக்கின்றது.

2016 நவம்பர் 8ஆந் திகதி இரவு, இந்திய அரசு 500, 1000 ரூபாத் தாள்கள் செல்லாவென அறிவித்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் பெறுமதியில் ஏறத்தாழ 86 சதவீதம் ஒரே இரவிற் கடுதாசியாயிற்று. டிசம்பர் 30 வரை வங்கி வாயில்களில் மக்கள் வரிசையில் நின்றனர். அடுத்து வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், சலுகைக்காலம் கழிந்தபின் அப்பழைய தாள்களிற் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருத்தலாகாது என்றது. மீறினால் 10,000 ரூபா வரை, அல்லது முகப்பெறுமதியின் ஐந்து மடங்கு வரை, இரண்டில் எது அதிகமோ அது தண்டம். அதே பிரிவு ஒரு விலக்கும் அளித்தது: கற்கைக்கும், ஆராய்ச்சிக்கும், நாணயவியலுக்குமாயின் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் மூதாட்டிகள் இருவர், தம் மருத்துவத்துக்கும் ஈமச்செலவுக்குமெனச் சேர்த்திருந்த 46,000 ரூபா பழைய தாள்களில் இருந்தது 2019ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. அவை செல்லாவென்பதே அவர்களுக்குத் தெரியாது. அத்தனையும் ஆயிரம் ரூபாத் தாள்களென்றே வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒருவருக்கு இருபத்துமூன்று. பத்துக்கு மேல், இருபத்தைந்துக்குக் கீழ். சட்டத்தின் எழுத்துப்படி அவர்கள் தண்டத்துக்குரியோர். அதே இருபத்துமூன்றை ஆல்பத்திற் செருகி வைத்த கனவான் அறிஞர்!

நூதனசாலைகளுக்காக அவ்விலக்கு வேண்டியிருந்தது என்பார்கள். வேண்டியிருக்கட்டும். சேகரிப்போனை நினைத்துக்கொள்ள இடமிருந்த சட்டத்தில், எழுத்தறியாத கிழவியை நினைத்துக்கொள்ள ஒரு வரிக்கு இடமில்லாமற் போனதேன்? அவளுடைய தாள்களை ஏற்றிருந்தாற் கருவூலம் கவிழ்ந்துவிடும் என்றும் கூற வழியில்லை. செல்லாதாக்கிய பணத்தில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதென ரிசர்வ் வங்கியே 2018ஆம் ஆண்டு தன் அறிக்கையில் கணக்குக் காட்டிற்று. கறுப்புப் பணக்காரரின் மூட்டைகள் எரிந்து சாம்பலாகும் என்று முழங்கியவர்கள், எஞ்சிய அந்த 0.7 சதவீதத்துள் எத்தனை அடுக்களைப் பானைகளின் சேமிப்பு அகப்பட்டுக்கொண்டது என்று எண்ணிப் பார்க்கவில்லை.