சுவரில் இருக்கும் கோட்டை உடனே அழிச்சுடாதீங்க! வெள்ளம் வடிந்ததும் வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் எதையெல்லாம் பார்க்கிறார்?

மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவின் பாபட்லா அருகேதான், 2023 டிசம்பர் 5-ம் தேதி. ஆனால், அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் அது கொட்டித் தீர்த்த மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மிதந்தன. படகு வந்தது, பால் பாக்கெட் வந்தது, 6,000 ரூபாய் நிவாரண அறிவிப்பு வந்தது. தண்ணீர் வடிந்து சேறு காயத் தொடங்கியபோது இன்னொருவரும் வந்தார். தோளில் ஒரு பை, கையில் செல்போன், பாக்கெட்டில் ஒரு டேப்.

வீட்டுக்குள் நுழைந்தவர் ஊறிப்போன சோபாவைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். தண்ணீர் நின்ற உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்குமே, அதைத்தான் டேப் வைத்து அளப்பார். `மூணு அடி இருக்கு' என்று குறித்துக்கொண்ட பிறகே மற்ற எல்லாம். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் தரையிலிருந்து எவ்வளவு உயரம், டி.வி மாட்டியிருந்த இடம் எது, அலமாரியில் எந்தத் தட்டு வரை நனைந்திருக்க முடியும் என்று அந்தக் கோட்டை வைத்தே மற்ற கணக்குகளைச் சரிபார்க்கிறார். வீட்டைக் கழுவிவிட்ட அவசரத்தில் அந்தக் கோட்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால், முக்கியமான சாட்சி போய்விடும்.

அதற்காக சர்வேயர் வரும்வரை சேற்றிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் பொறுப்பு என்றுதான் பாலிசியிலேயே இருக்கிறது. எனவே, முதலில் போட்டோ, வீடியோ. பிறகு துடைப்பம்.

யார் இவர்?

பலரும் நினைப்பதுபோல சர்வேயர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஊழியர் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யிடம் உரிமம் பெற்ற தனித் தொழில்முறையாளர். இன்ஜினீயரிங் படித்தவர்கள் அதிகம். கணக்குத் தணிக்கை படித்தவர்களும் உண்டு. பயிற்சியும் தேர்வும் முடித்த பிறகுதான் உரிமம். வாகனம் என்றால் 50,000 ரூபாய், மற்றவை என்றால் 1 லட்சம் ரூபாய். இழப்பு இந்த அளவைத் தொட்டால், உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீடு கட்டாயம்.

சாதாரண நாள்களில் ஒரு தொழிற்சாலை, இரண்டு கார் என்று போய்வருபவருக்கு, வெள்ளம் வந்தால் ஒரு தெருவே வேலையாகக் காத்திருக்கும். உள்ளூர் ஆள்கள் போதாமல் வெளியூர்களிலிருந்தும் சர்வேயர்களைக் கம்பெனிகள் வரவழைக்கும். 2023-ல் சென்னை வேலை முடிவதற்குள், டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ மழை. மாநிலத்தின் இரண்டு முனைகளிலும் ஒரே மாதத்தில் நனைந்த கார்களும், நனைந்த கடைகளும், நனைந்த உப்பும்! ஆள் வர ஏன் இத்தனை நாள் என்று அன்றைக்குக் கோபப்பட்டவர்கள் நிறைய பேர். கோபத்தில் நியாயம் இருந்தது. தாமதத்துக்குக் காரணமும் இருந்தது.

இப்போது விதி இறுக்கப்பட்டிருக்கிறது. முன்பு 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 30 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று இருந்தது. 2024 ஜூனில் வந்த சுற்றறிக்கைப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. இந்தத் தேதிகள் ஓட ஆரம்பிப்பது நீங்கள் தகவல் சொன்ன நேரத்திலிருந்துதான். போனில் சொன்னாலும், க்ளெய்ம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்: `ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?'

காரைப் பார்க்க வரும் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். இதற்கான பதிலில் பல லட்சம் ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில நேரம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே குத்திவிடும். மெக்கானிக்குகள் இதை `ஹைட்ரோ லாக்' என்பார்கள். தண்ணீரில் நின்ற கார் நனைந்தது வெள்ளத்தால் வந்த சேதம். முழு பாலிசி இருந்தால் அதற்குப் பணம் உண்டு. ஆனால், ராடு வளைந்தது சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் என்று கம்பெனி சொல்லும். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் தப்பிக்கலாம், அதுவும் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான். எடுக்காதவர்களுக்கு இன்ஜின் செலவு கைக்காசுதான். பதற்றத்தில் எல்லோருக்கும் கை முதலில் சாவிக்குத்தான் போகிறது என்பதுதான் கொடுமை. வளைந்த ராடு, பிரித்துப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடும் என்பதால் `பண்ணவே இல்லை சார்' என்று சாதிப்பதிலும் பயனில்லை.

அடுத்து, தண்ணீர் எது வரை வந்தது? கார்பெட் வரையா, சீட் வரையா, டேஷ்போர்டு வரையா? கார்பெட் என்றால் கழற்றிக் காயவைத்து ஓரளவு சமாளிக்கலாம். டேஷ்போர்டைத் தொட்டுவிட்டால் மின்னணு பாகங்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் காணும். வாட்டர் வாஷ் பண்ணிய வண்டியிலும் சர்வேயர்களால் தண்ணீர் அளவைக் கண்டுபிடிக்க முடியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார்கள். வெளியே தெரியும் பகுதி பளிச்சென்று இருக்கும். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். (செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களும் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.)

பழுதுபார்க்கும் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் `டோட்டல் லாஸ்'. 6 லட்சம் ஐ.டி.வி கொண்ட காருக்கு 4.5 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் வந்தால், ரிப்பேர் கிடையாது. அந்த மதிப்பைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். 75-க்குக் கீழே நின்றால் தேய்மானம் என்று ஒன்று வரும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான். `பம்பர் டு பம்பர்' எடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு பெரும்பாலும் இல்லை.

டூவீலர்காரர்கள் ஏமாந்துபோகும் இடம் வேறு. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர் வாங்கும்போதே 5 வருடத்துக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2022-ல் ஸ்கூட்டர் வாங்கியவரின் காகிதத்தில் `2027 வரை' என்று இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால், பலரது பாலிசியில் சொந்த வண்டிக்கான பாதுகாப்பு முதல் ஒரு வருடம் மட்டும்தான். பிறகு தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் 2023 டிசம்பரில் ஸ்கூட்டர் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் சர்வேயர் வரமாட்டார். அவர் பார்ப்பதற்கு அந்தப் பாலிசியில் ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதம் இதுதான்.

கடை: பாதி பாலிசிக்குப் பாதிப் பணம்

சர்வேயருக்கும் பாலிசிதாரருக்கும் சண்டை மூள்வது வீட்டில் குறைவு, கடையில் அதிகம். மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து பட்டறை பட்டறையாக மெஷின்கள் நின்றுபோயின. அங்கேயாவது மெஷினைக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு மீட்கலாம். ஜவுளிக்கடைக்காரரும் மளிகைக்காரரும் என்ன செய்வார்கள்?

ஒரு கணக்கு. கடையில் 20 லட்ச ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. பிரீமியம் குறையட்டும் என்று 10 லட்சத்துக்குத்தான் பாலிசி. வெள்ளத்தில் 4 லட்ச ரூபாய் சரக்கு நாசம். `10 லட்சத்துக்குள்ளதானே இருக்கு, 4 லட்சம் வந்துடும்' என்று கடைக்காரர் கணக்குப் போடுவார். சர்வேயர் 2 லட்சம் என்று எழுதுவார். சரக்கில் பாதிக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், எனவே எந்த இழப்பு வந்தாலும் பாதிதான் என்பது விதி. 5 கோடி வரையிலான சொத்துள்ள சிறு கடைகளுக்கு 2021 ஏப்ரலில் வந்த `பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில், 15 சதவிகிதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் இதே வெட்டுதான்.

இதில் பெரும்பாலானவர்களின் பாலிசி அவர்கள் கையிலேயே இருக்காது. கடன் கொடுத்த வங்கி, கடன் தொகைக்கு ஏற்ப ஒரு பாலிசி போட்டு ஃபைலில் வைத்திருக்கும். எவ்வளவுக்கு, எந்த முகவரிக்கு என்று கடைக்காரர் பார்ப்பதே வெள்ளத்துக்குப் பிறகுதான். பின்தெருவில் புதிதாக எடுத்த குடோனின் முகவரி பாலிசியில் இல்லையென்றால் அங்கே நனைந்த மூட்டைக்குக் கணக்கே இல்லை.

சரக்கு இருந்ததற்கு என்ன ஆதாரம்? பில் புக் நனைந்து கூழாகியிருக்கும். ஆனால் ஜி.எஸ்.டி கணக்கு நனையாது. சப்ளையரிடம் நகல் இருக்கும், வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இருக்கும். அந்த ஸ்டேட்மென்ட்டும் ஜி.எஸ்.டி கணக்கும் ஒத்துப்போகாதபோது சர்வேயர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

நனைந்த சரக்கை அவசரப்பட்டுக் குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள். நனைந்த துணிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கழித்துத்தான் இழப்பு கணக்கிடப்படும். பொருளே இல்லையென்றால் எண்ணவும் முடியாது, மதிப்பிடவும் முடியாது. அரிசி, மைதா அழுகி நாற்றம் எடுக்கிறது என்றால் போட்டோ எடுத்து, எடை குறித்து, `அப்புறப்படுத்தப் போகிறோம்' என்று கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டு அகற்றுங்கள்.

வீட்டுக்கான `பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் இந்தப் பாதிக்குப் பாதி வெட்டு இல்லை என்பது ஆறுதல். கட்டடத்துக்கு எடுத்தால் அதன் தொகையில் 20 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். எடுப்பவர்கள்தான் குறைவு.

அவர் எழுதியதே முடிவா?

சர்வேயருக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி. அதனால், அவர் கம்பெனி பக்கம்தான் சாய்வார் என்ற சந்தேகம் மக்களிடம் உண்டு. அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. அதே நேரம், 2 லட்சம் என்று அவர் எழுதும் பல அறிக்கைகளில் குறை, பாலிசியை விற்கும்போது 10 லட்சம் போதும் என்று சொன்னவரிடம் இருக்கிறது. சேற்றில் நின்று திட்டு வாங்குவது மட்டும் சர்வேயர்.

அவர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம். எதை எவ்வளவு கழித்திருக்கிறார் என்று அதில் வரிவரியாக இருக்கும். அந்த அறிக்கை மாற்ற முடியாத இறுதி வார்த்தை அல்ல என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருப்தி இல்லையென்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளைத் தனிநபர்களும் குறு நிறுவனங்களும் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், முதல் சொட்டு விழுவதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதை நினைவிருக்கும். பட்டவர்கள் செய்த ஏற்பாடு அது. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனை அப்படிக் கடைசி நேரத்தில் எடுக்க முடியாது. பொதுவாக பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் சேர்ப்பார்கள். ரெட் அலர்ட் வந்த பிறகு ஏஜென்ட்டுக்கு போன் போட்டால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்.