ஹென்றிகளும் தோமஸ்களும்

குழந்தையைத் திருமுழுக்கிற்காக ஏந்தி வரும் பெற்றோரிடம் ஆலய வாசலில் குருவானவர் கேட்கும் முதற் கேள்வி, குழந்தைக்கு என்ன பெயர் இடுகின்றீர்கள் என்பதே. அதற்கான விடையை அண்மைக் காலமாக எண்சாத்திரக்காரர் தீர்மானிப்பதைக் காண்கின்றோம். மறுபுறத்தில், புனிதரின் பெயரை இட்டுவிட்டோம், இனி அப்புனிதரே பார்த்துக்கொள்வார் என்று அமைதியடையும் பெற்றோரும் உளர். இவ்விரு சாராருக்கும் திருச்சபை வரலாறு சொல்லும் செய்தி ஒன்றுண்டு.

யூலை 13ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித ஹென்றி, 1014இல் உரோமையில் பேரரசராக முடிசூட்டப்பட்டவர். 1007இல் பாம்பேர்க் மறைமாவட்டத்தை நிறுவியவர். அவரும் அவருடைய துணைவியார் குனகுந்தாவும் அந்நகரின் பேராலயத்திலேயே துயில்கின்றனர். இருவரையும் திருச்சபை புனிதராக உயர்த்தியது. நம் இளவாலையில் ஒரு கல்லூரி புனித ஹென்றியரசர் பெயரைத் தாங்கி நிற்பதை வாசகர் அறிவர். ஆயினும் இவரைக் குறையே இல்லாதவராகக் கருத வேண்டியதில்லை. புறவினத்தாரோடு கூட்டுச் சேர்ந்து கிறிஸ்தவ நாடாகிய போலந்தின் மீது அவர் போர் தொடுத்தபோது, மறைபரப்பாளரான புனித புரூனோ அவரைக் கண்டித்து மடல் வரைந்தார்.

அதே பெயரையும் அதே எண்ணையும் தாங்கிய இன்னொருவர் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி. முன்னவர் தாமே புனிதரானார். பின்னவரோ தம் கோபத்தினால் இன்னொருவரை மறைசாட்சியாக்கினார். தம் உற்ற நண்பரும் அரச அமைச்சருமாயிருந்த தோமஸ் பெக்கெற்றை 1162இல் கன்ரர்பரிப் பேராயராக்கியவர் அம்மன்னரே. நண்பர் தமக்கு வளைந்து கொடுப்பார் என்று எண்ணினார். ஆனால் பேராயரான தோமஸ் திருச்சபையின் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு ஆண்டுகள் பிரான்சில் நாடுகடந்த வாழ்வு. திரும்பி வந்த சில வாரங்களுக்குள், 1170 டிசெம்பர் 29இல், தம் பேராலயத்தினுள்ளேயே மன்னரின் வீரர் நால்வரால் வெட்டிக் கொல்லப்பட்டார். 1174இல் மன்னர் வெறுங்காலுடன் நடந்து வந்து, அக்கல்லறையருகே துறவிகளின் கையால் கசையடி பெற்றார். அவர் மனத்தாங்கலில் அரசியலும் கலந்திருந்தது உண்மையே. எனினும் முடிசூடிய தலையொன்று அங்கே குனிந்தது.

எட்டாம் ஹென்றியின் தலை குனியவில்லை. 1521இல் பாப்பரசர் பத்தாம் லியோவிடம் 'விசுவாசத்தின் பாதுகாவலர்' என்ற பட்டம் பெற்றவர், 1534இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் எனச் சட்டம் இயற்றுவித்தார். அவரைச் சூழ்ந்திருந்தோரின் பெயர்களைக் கவனியுங்கள். கர்தினால் தோமஸ் வூல்சி, தோமஸ் குரொம்வெல், பேராயர் தோமஸ் கிரன்மர், தோமஸ் மூர். அப்போஸ்தலரின் பெயர் நால்வருக்கும் ஒன்றே. வூல்சி மன்னரின் மணமுறிவைப் பெற்றுத்தர முடியாமல் வீழ்ந்து, தேசத்துரோகக் குற்றச்சாட்டை எதிர்நோக்கிய பயணத்தில் 1530இல் இறந்தார். கிரன்மர் அம்மணம் செல்லாதென 1533இல் தீர்ப்பளித்தார். மன்னரின் விருப்பத்தைச் சட்டமாக்கித் தந்த குரொம்வெல்லை அதே மன்னர் 1540இல் சிரச்சேதம் செய்வித்தார்.

மூர் வேறு வகையினர். நாட்டின் உயர் அமைச்சர். அன்பான குடும்பத் தலைவர். பெண் மக்களுக்கும் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த தந்தை. அவரிடம் கேட்கப்பட்டது ஓர் உறுதிமொழி மட்டுமே. ஆயர்கள் பலரும் அதைச் செய்துவிட்டனர். மனைவியும் மன்றாடினார். இக்காலத்தில் நம்மிடமும், எல்லாரும் கையொப்பமிட்டாயிற்று, உமக்கென்ன தனி மனச்சாட்சி என்று கேட்போர் குறைவில்லை. மூர் உறுதிமொழி எடுக்க மறுத்து, இலண்டன் கோபுரச் சிறையில் ஓராண்டுக்கு மேல் கிடந்தார்.

1535 யூலை 5ஆம் நாள், தம் மூத்த மகள் மார்கிரட்டுக்குக் கரித்துண்டினால் ஒரு மடல் எழுதினார். மறுநாள் புனித தோமஸ் திருநாளின் முந்திய நாள் என்றும், இறைவனிடம் செல்வதற்குத் தமக்கு மிகவும் பொருத்தமான நாள் அதுவே என்றும் அதில் குறித்திருந்தார். பெக்கெற்றின் திருவுடல் புதிய கல்லறைக்கு மாற்றப்பட்ட நினைவுத் திருநாள் அந்நாட்டில் யூலை 7இல் கொண்டாடப்பட்டு வந்தது. மரண வாசலில் நின்றவர் தம் பெயருக்குரிய புனிதரின் நாளைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கின்றார். யூலை 6ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 1935இல் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மூன்று ஆண்டுகளின் பின், 1538இல், மன்னர் பெக்கெற்றின் திருக்கல்லறையைத் தகர்க்கச் செய்தார். வழிபாட்டு நூல்கள் அனைத்திலிருந்தும் அவரது பெயர் அழிக்கப்படவேண்டுமென ஆணை பிறந்தது. நாடெங்கும் மக்கள் கத்தியால் சுரண்டியும் மையால் அடித்தும் அதை நிறைவேற்றினர். அந்நூல்களிற் சில இன்றும் நூலகங்களில் உள்ளன. சிலவற்றில் பெயரின் மீது மெல்லிய கோடொன்று மட்டுமே ஓடுகின்றது. அதன் கீழே 'தோமஸ்' என்ற எழுத்துக்களை எவரும் வாசிக்கலாம்.